சித்தி பெயருக்கு என் முகம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சீதாலெட்சுமி சித்தி அவர்களுக்கு, கிள்ளானிலிருந்து உங்கள் அக்கா மகள் ஷாமினி பணிவோடு எழுதுவது.

பந்திங்கில் நீங்கள், சித்தப்பா, கோழிகள், போன மழையில் ஒழுகிய சமையலறைக் கூரை எல்லாரும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்கு எப்படி என்று கேட்டால், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். குரல் பதிவு செய்து பார்த்தேன் சித்தி. திரும்பப் போட்டுக் கேட்டால் நான் மூச்சு விடும் சத்தமும் பின்னால் அம்மா மிக்ஸி ஓட்டும் சத்தமும்தான் இருந்தன. உங்களுக்குத் தெரியாதா, வாய்மொழித் தேர்வில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாதவள் நான். எழுதினால் மட்டும் எனக்கு வாய் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கொண்டுவருகிறவர் நாகையா அங்கிள், எங்கள் கம்பெனியின் ரொட்டி சானாய் பரோட்டா லோரி ஓட்டுபவர். கடிதம் சில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள், உறைந்த ரொட்டியோடு வந்திருக்கும். அவர் கையில் இரண்டு உறை இருக்கும். பெரிய வெள்ளை உறையில் கம்பெனி ஒப்பந்தம். நீங்கள் கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் திறக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். ஒரு கோப்பை தேநீர் கொடுத்தால் அங்கிள் காத்திருப்பார். ஆனால் ரொட்டி காத்திருக்காது, அதனால் கொஞ்சம் வேகமாகப் படியுங்கள்.

நாவல் போடுகிற பதிப்பகத்துக்கு ரொட்டி லோரி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் செங்கரும்பு பதிப்பகத்தை உங்களுக்குத் தெரியும். சபாபதி ஐயாதான் முதலாளி, ஐயாதான் பிழை திருத்துபவர், ஐயாதான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்குபவர். நான் தட்டச்சு செய்பவள். மார்கழியில் ஒரு கவிதை நூலை வெளியிட்டோம். முதல் நூலை வாங்கிக்கொள்ள, டத்தோ பட்டம் வாங்கிய தொழிலதிபர் இராமலிங்கம் வந்திருந்தார். நம் நூல் வெளியீடுகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டத்தோவுக்குப் பொன்னாடை போடுவோம், அவரைப் பற்றி நாலு வார்த்தை கூடவே சொல்வோம், வள்ளல் என்போம், கற்பக மரம் என்போம். சொல்கிறவருக்கும் அது மேடையோடு சரி, கேட்கிறவருக்கும் மேடையோடு சரி, அப்புறம் எல்லாரும் மீகூன் சாப்பிடப் போய்விடுவோம். அன்றைக்கு சபாபதி ஐயாவுக்கு என்ன வந்ததோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டத்தோ அவர்களே! செங்கரும்பு என்னுடையது அல்ல, உங்களுடையது! இந்தப் பதிப்பகத்தை உங்கள் கரங்களில் ஒப்படைக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்!" என்று முழங்கிவிட்டார். ஒரே கைத்தட்டல். டத்தோவோ அதற்குமுன் தமிழ் நூல் வெளியீடு எதற்கும் வந்ததே இல்லை. வாழ்நாள் முழுக்க வியாபாரக் கூட்டங்களுக்கு மட்டும் போனவர். அவர் மைக்கை வாங்கி, "ஓகே. ஏத்துக்கிட்டேன்," என்றார். அதற்கும் கைத்தட்டினோம்.

திங்கட்கிழமை அளவுநாடாவோடு இரண்டு பேர் வந்தார்கள். ஐயா சிரித்துக்கொண்டே, "தம்பி, அது மேடைப் பேச்சு," என்றார். "நூறு பேர் முன்னாடி சொன்னீங்களே அங்கிள், வீடியோ இருக்கு," என்றார்கள். வீடியோவைப் போட்டும் காட்டினார்கள். அதில் முதல் வரிசையில் கைத்தட்டுபவள் நான். அவர்கள் போனபிறகு ஐயா வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொடுத்தேன்னு மைக்குல சொல்லியாச்சும்மா. இல்லைன்னு எந்த மைக்குல போயி சொல்றது?" என்றார். இப்படியாகப் பதிப்பகம் இராமலிங்கம் குழுமத்தில் சேர்ந்தது. அந்தக் குழுமத்தில் ஏற்கனவே மேருவில் ரொட்டித் தொழிற்சாலை, கிள்ளானில் கல்யாண மண்டபங்கள், ஒரு தனியார் ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. ஐயாவுக்குப் 'பாரம்பரிய ஆலோசகர்' என்று பதவியும் ஜன்னலோரம் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். அவர் அதில் சுழலாமல் உட்கார்ந்திருக்கிறார்.

டத்தோ கெட்டவர் இல்லை சித்தி, அதையும் சொல்லவேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டியாம்மா?" என்பார். நான் தலையாட்டுவேன். சாப்பிடாவிட்டாலும் தலையாட்டுவேன். அவர் ஒருநாளும் நாவல் படித்ததில்லை, ஆனால் நாவல் என்றால் மரியாதை. "நல்ல பொருள், கெட்டுப்போகாது," என்பார்.

குழுமம் போடப்போகும் முதல் நாவல் உங்களுடையது என்று முடிவானபோது நான் சந்தோஷப்பட்டேன். ஆறு வருஷம் நீங்கள் எழுதிய 'பவளம் கதவைச் சாத்தினாள்'. அதை நான் தட்டச்சு செய்த மாதம் முழுக்கக் கொமுட்டர் ரயிலில் என் ஸ்டேஷனைத் தாண்டித் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறேன். இப்போது அதற்குப் பொறுப்பு ஏமி அக்கா. சுபாங் ஜெயாவில் இருக்கிறார், மார்க்கெட்டிங் மேனேஜர். என்னிடம் ரொம்ப அன்பு. தமிழ் அழகாகப் பேசுவார், படிக்க மட்டும் வராது. அதனால் நாவலை நான் அவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டவேண்டும் என்று ஏற்பாடு. நான்! சத்தமாக! ஐயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் படித்தேன். அக்கா என் வாய்க்குப் பக்கத்தில் போனை வைத்து, அதை ஸ்பீக்கரில் இணைத்து, ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக் கேட்டார். பவளத்தின் கல்யாணம் மண்டபத்தில் நின்றுபோகிறது, மாப்பிள்ளையின் அம்மா நிறுத்திவிடுகிறாள், அந்த அதிர்ச்சியில் பவளத்தின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறார். அந்த இடத்தில் ஏமி அக்கா அழுதார் சித்தி. "ஐயோ, அப்பா போயிட்டாரா," என்று மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, "ஓகே. அப்பா சாகக்கூடாது," என்றார்.

"ஏன்கா?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரை அதற்குள் எடுத்துவிட்டார்.

"கிள்ளான் ஆஸ்பத்திரின்னு இருக்குல்ல. நம்ம குரூப் ஆஸ்பத்திரி கிள்ளான்லதான லா இருக்கு. ஜனங்க என்ன நெனப்பாங்க?"

மற்றதையெல்லாம் கூட்டத்தில் பேசலாம் என்றார். கூட்டம் மேரு ரொட்டித் தொழிற்சாலையில். மாவு பிசையும் இடத்தைத் தாண்டித்தான் கூட்ட அறைக்குப் போகமுடியும் என்பதால் எல்லாரும் தலையில் வலைத்தொப்பி மாட்டவேண்டும். முடியே இல்லாத சபாபதி ஐயாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். டத்தோ, ஏமி அக்கா, மண்டபங்களின் மேனேஜர் திருச்செல்வம் அண்ணன், ஐயா, நான், எல்லாரும் வலைத்தொப்பியோடு உட்கார்ந்து உங்கள் நாவலைப் பேசினோம். திருச்செல்வம் அண்ணன்தான் ஆரம்பித்தார். "கல்யாணம் மண்டபத்துல நிக்குதுன்னு எழுதிருக்காங்க. மண்டபத்துல ஏசி ஜில்லுனு இருந்துச்சாம். ஏசி மண்டபம்னா நம்மளதுதான். இதப் படிச்சிட்டு எவன் புக் பண்ணுவான்?" ஐயா, "கல்யாணம் நிக்கலைன்னா கதையே இல்லையே தம்பி," என்றார். "நிக்கட்டும் அங்கிள், நிக்க வேணாங்கலை. வெளிய பார்க்கிங்ல நிக்கட்டும்." டத்தோ மெதுவாக நிமிர்ந்து, "பார்க்கிங்கும் நம்மளதுதான்," என்றார். கடைசியில் கல்யாணம் நிற்காது, ஒத்திவைக்கப்படும் என்று முடிவானது. ஒத்திவைத்ததற்கு மண்டபம் கட்டணம் எதுவும் வசூலிக்கவில்லை என்று ஒரு வரி சேர்க்கவேண்டும்.

அடுத்து மாமியார். உறைந்த ரொட்டி வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் மாமியார்களாம், அதற்குப் படம் எல்லாம் போட்டுக் காட்டினார்கள். கஸ்டமரை வில்லியாகக் காட்டமுடியாது. அதனால் மாப்பிள்ளையின் அம்மா தங்கமானவளாகிவிட்டாள். "அப்ப கல்யாணத்த ஒத்திவைக்கிறது யாரு?" என்று ஐயா கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள். ஏமி அக்கா மேசையைத் தட்டினார். "பெடரல் ஹைவே ஜாம்! மாப்பிள்ளை ஜாம்ல மாட்டிக்கிறான். எல்லாருக்கும் நடக்குறதுதான!" டத்தோவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அவரே அன்று ஜாமில் மாட்டித்தான் வந்திருந்தார். ஆகவே சித்தி, உங்கள் நாவலில் இப்போது வில்லன் பெடரல் ஹைவே.

இதையெல்லாம் திருத்தி எழுதும் வேலை எனக்கும் ஐயாவுக்கும். கல்யாணம், மாமியார் எல்லாம் எப்படியோ ஒட்டுப்போட்டோம். பவளத்தின் அப்பாவிடம்தான் மாட்டிக்கொண்டோம். அவர் பிழைத்துவிட்டார், சரி. ஆனால் பத்தாம் அத்தியாயத்தில் அவருடைய கருமக்கிரியை வருகிறதே! அதை எடுத்துவிடலாம் என்று கேட்டால் ஏமி அக்கா, "நோ நோ, அந்தச் சாப்பாட்டு சீன் சூப்பர். அத வச்சுக்குங்க, சோத்துக்குப் பதிலா ரொட்டி போடுங்க," என்றார். யாருடைய கருமக்கிரியை என்று ஐயாவும் நானும் முடியைப் பிய்த்துக்கொண்டோம், அதாவது நான் பிய்த்துக்கொண்டேன். பக்கத்துவீட்டுக்காரருடையது என்று மாற்றிப் பார்த்தோம். பக்கத்துவீட்டுக்காரருக்காகப் பவளம் பதினாலு பக்கம் அழுகிறாள். "இவ்வளவு அழுதா சனங்க வேற மாதிரி நெனைப்பாங்கம்மா," என்று ஐயா அதை அடித்துவிட்டார். கடைசியில் யாருடையது என்றே சொல்லாமல் விட்டுவிட்டோம். இப்போது அந்த அத்தியாயத்தில் பவளத்தின் அப்பா பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் ரொட்டி பரிமாறுகிறார், பவளம் அவரைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். ஒரு கட்டத்தில் ஐயாவும் நானும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தமுடியாமல், கீழே பூக்கடை அக்கா மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அப்புறம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். முடியாது. பல வருஷம் கழித்து அந்த மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்கிறான், பவளம் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்துகிறாள். அதைத் தட்டச்சு செய்த அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "சித்தி எப்படிம்மா இப்படி எழுதினாங்க?" என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அவ எழுதல. நடந்துச்சு," என்றார். சித்தப்பாவுக்கு முன்னால் உங்களுக்கு ஒரு மண்டபமும் ஒரு மாலையும் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏமி அக்காவுக்கு அது தெரியாது. அவர் மேரு கூட்டத்தில், "லாஸ்ட்ல ரொம்ப நெகட்டிவா இருக்கு லா. அவ கதவத் தொறக்கட்டும்," என்றார். ஐயா, "தொறந்து?" என்றார். "தொறந்து, உள்ள கூப்ட்டு, சூடா ரொட்டி சுட்டுக் குடுக்குறா. மழை பெய்யுது. முடிஞ்சிது." எல்லாரும் கைத்தட்டினார்கள். தலைப்பும் 'பவளம் கதவைத் திறந்தாள்' என்று மாறிவிட்டது. சொல்லவேண்டும், இது அவங்க கதவு, உங்க கதவு இல்லைன்னு சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். டத்தோ என்னைப் பார்த்து, "என்னம்மா, நல்லாருக்கா?" என்றார். என் தலை, அதன் பழக்கப்படி, ஆடிவிட்டது.

இதோடு முடிந்தது என்றால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளாது. பெயர் விஷயம் இருக்கிறது. நாவலோடு உங்கள் பெயரையும் கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்றுதான் அந்த வெள்ளை உறையில் எழுதியிருக்கிறது. அதற்குப்பிறகு 'சீதாலெட்சுமி' என்று வருஷத்துக்கு அரை டஜன் நாவல் வரும். நீங்கள் எழுதினாலும் வரும், எழுதாவிட்டாலும் வரும். திருச்செல்வம் அண்ணனின் மச்சான் ஒருவர் எழுதித்தருவாராம், அவசரம் என்றால் கம்ப்யூட்டரே எழுதித்தருமாம். கம்ப்யூட்டர் ஒரு அத்தியாயம் எழுதிக்கொடுத்ததை நான் பார்த்தேன், அதில் பவளம் கிள்ளானில் பனியில் சறுக்கி விழுகிறாள். ஐயா பொறுக்கமாட்டாமல் டத்தோவிடம், "எழுதாத ஒருத்தர் பேர்ல கதை போடறது சரியா டத்தோ?" என்று கேட்டேவிட்டார். டத்தோ கோபப்படவில்லை. நிதானமாக, "அங்கிள், பாக்கெட்டுல என் பேருதான் இருக்கு. ரொட்டிய நானா தட்டுறேன்?" என்றார். நான் அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரொட்டிக்கு யாரும் அழுவதில்லை என்பதுவரைதான் யோசித்திருக்கிறேன்.

பெயர் இருந்தால் முகம் வேண்டும் இல்லையா. ஏமி அக்கா உங்கள் படம் கேட்டார். அம்மாவிடம் இருந்த ஒரே நல்ல படத்தில் உங்கள் கையில் கோழி இருக்கிறது. "நேச்சுரலா இருக்கு," என்றார் அக்கா, "ஆனா நமக்கு யங்கா வேணும்." அன்றைக்குப் படம் பிடிப்பவர் வந்து, வெளிச்சம் சரிபார்க்க யாராவது கொஞ்சம் உட்காருங்கள் என்றார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். தலையாட்டினேன். ஒரு வாரம் கழித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவருகிறேன், பிரிக்பீல்ட்ஸ் விளக்குக் கம்பங்களில் வரிசையாக நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். கன்னத்தில் கை. கீழே பெரிய எழுத்தில்: "குடும்பங்களின் குரல் சீதாலெட்சுமி". குரல் சித்தி! என்னைப் பார்த்து!

அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அப்பா டாக்சியில் ஆளை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், அது நான்தானா என்று பார்க்க ஒருவழிச் சாலையைத் திரும்பத் திரும்பச் சுற்றி, பயணி இறங்கி நடந்தே போய்விட்டாராம். அம்மா, "பேரு என் தங்கச்சி பேரு, மூஞ்சி என் மக மூஞ்சி, நான் யார புடிச்சுத் திட்டுறது?" என்கிறார், ஆனால் ஒரு பேனரைக் கேட்டுவாங்கி வைத்துக்கொண்டார். கொமுட்டரில் ஒரு ஆன்டி பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கதானேம்மா அந்த எழுத்தாளர்?" என்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்? சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளான்வரை தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நல்ல புத்தி இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லம்மா," என்று கண்கலங்கினார். இதில் எதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாவல் வெளியீடு. நான் மேடையில் சீதாலெட்சுமியாக உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் பேசி, வருகிறவர்களுக்கெல்லாம் உங்கள் கையெழுத்தைப் போட்டுக்கொடுக்கவேண்டுமாம். "ரெண்டே நிமிஷம்டா செல்லம்," என்கிறார் ஏமி அக்கா. இரண்டு நிமிஷம் பேசமுடிந்திருந்தால் நான் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்! அதற்குமுன் உங்கள் கையெழுத்து ஒப்பந்தத்தில் வந்தாகவேண்டும். "நீதான அவங்க சொந்தம், சைன் பண்ணச் சொல்லி ஸ்வீட்டா ஒரு லெட்டர் எழுதிக் குடு," என்று இந்தத் தாளையும் பேனாவையும் கொடுத்தவரே அவர்தான். எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடுநடுவே எட்டிப்பார்த்து, "வாவ், இவ்ளோ நீளமா! நல்லா எழுதுறியா?" என்கிறார். தலையாட்டுகிறேன்.

ஆகவே சித்தி, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு ஸ்டிக்கரிலும் போடாதீர்கள். போடாவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது, நாவல் உங்களுடையதுதான் என்று ஐயா காதோடு சொன்னார். எனக்கு வேலை போனாலும் போகட்டும். ஐயாவுக்கு அந்த நாற்காலியும் போகும், அவர் அதற்கும் தயார், அது அவருக்கு இடுப்புவலி கொடுக்கிறது. ஆனால் பவளம் கதவைத் திறந்து அவனுக்கு ரொட்டி சுட்டுக்கொடுக்கிற புத்தகத்தில் உங்கள் பெயரைப் பார்க்க என்னால் முடியாது. உறையை அப்படியே நாகையா அங்கிளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் எதையும் கேட்கமாட்டார். தேநீருக்குச் சீனி மட்டும் குறைவாகப் போடுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். சித்தப்பா கதவைப் பற்றிக் கேட்டால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அம்மா கூரைக்குத் தகரம் அனுப்புவதாகச் சொன்னார், பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை மனதுக்குள் ஆசீர்வதித்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள மகள்,
ஷாமினி

பி.கு.: சித்தி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடுங்கள்! எல்லா ஸ்டிக்கரிலும் போடுங்கள்! லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஏமி அக்கா ஓடிவந்து அந்த வெள்ளை உறையைப் பிடுங்கிக்கொண்டு வேறு உறை கொடுத்துவிட்டார். காலையில் ஆள் அனுப்பிப் பிரிக்பீல்ட்ஸ் பேனரைப் பற்றி வழியில் போகிறவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். புத்தக விளம்பரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையாம். எல்லாரும் சாம்பார்ப் பொடி என்று நினைத்துக்கொண்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், டத்தோ முடிவெடுத்துவிட்டார். நாவல் பிரிவு மூடியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வெளியிடப்போவது 'சீதாலெட்சுமி சாம்பார்ப் பொடி'. புது ஒப்பந்தத்தில் உங்கள் பெயரை மட்டும் கேட்கிறார்கள். நாவல் முழுசாக உங்களுக்கே, பதிப்பகம் சபாபதி ஐயாவுக்கே. ஐயாவிடம் ஒரு வரி விடாமல் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அப்படித்தான் என்றார், உடனே உங்கள் பழைய பிரதியை எடுத்துப் பிழை திருத்த உட்கார்ந்துவிட்டார். பவளத்தின் அப்பா நிம்மதியாக இறந்துவிட்டார். பாக்கெட்டில் என் படம்தான் வருமாம், அதற்கு நான் சரி சொல்லிவிட்டேன், பாக்கெட்டில் இருப்பவள் பேசவேண்டியதில்லை.

ஒரே ஒரு சிக்கல். இனிமேல் சீதாலெட்சுமி என்றால் பொடி. அந்தப் பெயரைப் புத்தகத்தில் போட முடியாதாம். 'பவளம் கதவைச் சாத்தினாள்' வருவதற்கு வேறு பெயர் வேண்டும், யாருடையதாவது கிடைக்குமா என்று ஐயா தேடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் தப்பாக நினைக்கவில்லையென்றால் என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள் சித்தி. ஷாமினி. இதுவரை யாரும் அதை எதற்கும் பயன்படுத்தியதில்லை.